லண்டனுக்குப் போன மறுப்பு

கம்பம் பஸ் பழனிசெட்டிபட்டியைத் தாண்டியிருக்கும். எனக்கு முன் சீட்டில் இருந்த பாத்திரக்கடைக்காரர் பக்கத்து ஆளிடம் சத்தமாகச் சொன்னார்.

"லண்டன் பேப்பருக்கு மறுப்பு அனுப்பிட்டோம்ல."

"எதுக்கு அண்ணாச்சி?"

"சுதந்திரப் போராட்டத்தப்ப கம்பம் கடைவீதிய அடைச்சாகள்ல, அத கும்பலுக்குப் பயந்து அடைச்சாகன்னு அந்தப் பேப்பர்க்காரன் அப்பவே எழுதியிருக்கான். லண்டன்ல படிக்கிற எம் மக பழைய பேப்பர்ல பாத்து போட்டோ அனுப்புனா."

"பயந்தா அடைச்சாக?"

"பயந்தவன் சாவிய மடியில கட்டிக்கிட்டு ஓடுவான். நம்மாளுக கூடிப் பேசி, அத்தன சாவியையும் வியாபாரிக சங்கத்துல ஒப்படைச்சுட்டு ஊர்வலம் போனாக. பச்சப்பிள்ளைக்குப் பாலு, சீக்காளிக்கு மருந்து, இந்த ரெண்டுக்கு மட்டும் சங்கமே கடையத் தெறந்து குடுத்துச்சு. அதப்பத்தி ஒரு வரி இல்ல!"

"அதுக்கு?"

"கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேத்தி, சங்கத்து முத்திரை குத்தி, ரிஜிஸ்டர் தபால்ல விட்டாச்சு."

பக்கத்து ஆளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எழுதுன ஆளு செத்து எத்தன வருசமோ!"

"ஆளு போனா என்ன? அவுக பேப்பரு இன்னும் வருது. எங்க சங்கமும் இன்னும் இருக்கு."