சம்பளம் நேரில்

"வேலைக்கே போவாம பணமாக்கா?"

வில்லியனூரில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் கேட்டாள். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை கேட்கப் போகிறவள் அவள். மூத்தவளின் கழுத்தில் ஒரு கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது.

"ஆமாடி. வெளிநாட்டுல ஒரு கம்பெனி வேலை விளம்பரத்துல சம்பளம் எவ்ளோன்னு போடலன்னு எல்லாரும் ஒண்ணா கேஸ் போட்டாங்களாம். கம்பெனி சமரசமாப் போயி, வேலைக்கு எழுதிப் போட்டவங்களுக்கெல்லாம் பணம் குடுத்துச்சாம். உன் நோட்டீசுல இன்னா போட்டிருக்கு?"

இளையவள் போனைப் பார்த்தாள். "சம்பளம் நேரில்."

"அப்ப நேர்ல கேளு."

"போன வாரம் ஒரு பொண்ணு கேட்டுச்சாம். வேலைக்கு வந்தியா, விசாரிக்க வந்தியான்னு வெளிய அனுப்பிட்டாங்க. எவ்ளோன்னு தெரியாம, இப்ப இருக்கற தையக்கடை வேலைய எப்பிடிக்கா வுடறது?"

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நானும் வேலைக்கு வந்தாப்புல வரிசையில நிக்கறேன். நான் கேக்கறேன். தொரத்தனா என்னத் தொரத்தட்டும். நீ என்னத் தெரியாத மாதிரி இரு."

"உனுக்கு ஷிஃப்டு?"

"அரை நாள் சம்பளம் போவும். போவட்டும்."

சேதராப்பட்டு வந்ததும் மூத்தவள் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். இறங்கிய பிறகு இருவரும் முன்பின் தெரியாதவர்களைப் போலத் தள்ளித் தள்ளி நடந்தார்கள்.