அம்சா என்று எழுத வேண்டாம்

மாமல்லபுரம்
12-5-1976

மார்கரெட் அம்மாவுக்கு, தோட்டக்காரன் செங்கல்வராயன் எழுதுவது. இங்கே இந்த வருஷமும் வெயில் கொளுத்துகிறது. நீங்கள் கொடைக்கானலிலேயே இருப்பது நல்லது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நம் தொட்டி ஜப்பான் மேப்பிள் மரத்தில் இரண்டு வருஷம் முன் புதுநிறத்தில் துளிர்த்ததே, அந்தச் சிவப்புக் கிளைக்குச் செத்துப்போன என் மகள் அம்சாவின் பெயரை வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். புது ரகமாகப் பதிந்துகொள்ள ஜப்பானுக்கு எழுதினால், அவர்கள் பெயருக்கு அர்த்தம் கேட்பார்களாம். அவர்கள் சும்மா பெயர் வைப்பதில்லை என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்களே. ஒரு மரத்தின் பெயருக்குச் சதுப்பிலிருந்து உள்ளான் குருவி எழும்புவது என்று அர்த்தம், இன்னொன்றுக்கு மிதக்கும் மேகம். அதைக் கேட்டுவிட்டு அம்சா, உள்ளான் பார்க்க வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போ என்று ஒரு வாரம் நச்சரித்தாள்.

கோடையில் அந்தத் தொட்டியைச் சுற்றி உமி கொட்டி, மீனுக்கு வரும் ஐஸ் பாரை உடைத்து வைத்துத்தான் மரத்தைக் காப்பாற்றி வந்தேன். போன வருஷம் சித்திரையில் ஒருநாள் கரண்டு இல்லாமல் ஒரே ஒரு பார்தான் கிடைத்தது. அன்றைக்குத்தான் அம்சாவுக்குக் காய்ச்சலில் ஜன்னி கண்டது. சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் வரும்வரை தலையில் ஐஸ் வைக்கச் சொன்னார் கம்பவுண்டர். என் சம்சாரம் ஆதியம்மாள் தோட்டத்துக்கே ஓடி வந்தாள்.

"ஐஸ் வந்துச்சாயா? கொயந்த நெருப்பா கொதிக்குது."

"வண்டியே வரல. ஈரத்துணி போட்டுகினு இரு, தோ வந்துடறேன்."

ஐஸ் என் காலடியில் உமிக்குள் இருந்தது.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். பிள்ளைக்கு ஈரத்துணி உண்டு, மாத்திரை உண்டு, செங்கல்பட்டு போனால் ஆஸ்பத்திரி உண்டு. மரத்துக்கு ஐஸை விட்டால் நாதியில்லை. வாடிய கிளையைப் பார்த்து நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்றும் இருந்தது. பாதி பாரையாவது கொடுத்திருக்கலாம். அது தினமும் மனசைப் போட்டு அறுக்கிறது.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஆதியம்மாள் இன்னும் அந்த ஐஸ் வண்டிக்காரனுக்குச் சாபம் விடுகிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

அதனால் அந்தப் பெயர் வேண்டாம் அம்மா. அர்த்தம் கேட்டால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும். என் பிள்ளையை நான்தான் கொன்றேன்.

கிளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இன்றைக்கும் காலையிலேயே ஐஸ் வைத்துவிட்டேன். ஒரு இலைகூடக் கருகவில்லை.