முன்னிருக்கையில் ஒரு டூல் பாக்ஸ்

தங்கை: பெட்டியை இறக்குண்ணா… எத்தனை தடவை சொல்றது?

அண்ணன்: கையை எடும்மா. ஆபீஸ் போற சேலை, கிரீஸ் ஒட்டிக்கும்.

தங்கை: ஒட்டட்டும். ஏழு வருஷமா இந்த டூல் பாக்ஸை முன் சீட்டுல உக்கார வச்சு, பெல்ட் வேற போட்டு விட்டிருக்கே. உன் டாக்ஸியில ராஜ மரியாதை இதுக்கு மட்டும்தான்.

அண்ணன்: அது அங்கேயே இருக்கட்டும். வாண்டு பின்னாடி உட்காரட்டும்.

தங்கை: இன்னும் என்ன வாண்டு? என் பொண்ணுக்கு இன்னைக்கோட பதிமூணு முடிஞ்சாச்சு. நீ சொன்ன கெடு அதுதானே?

அண்ணன்: வயது மட்டும் போதாது. 'பதின்மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்குப் பின்னிருக்கையே பாதுகாப்பானது. நிறைந்த பின்னரும், முதுகு இருக்கையோடு ஒட்டியிருத்தல் வேண்டும். முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிதல் வேண்டும். தோள்பட்டி கழுத்தை உரசாது…'

தங்கை: வந்துட்டார்யா வாத்தியார்! மூச்சு விட்டுக்கோ, அப்புறம் சொல்லு.

அண்ணன்: கேலி வேண்டாம். மாலை வகுப்பில் நானே என் கைப்பட எழுதிய கட்டுரை அது. 'குழந்தைகளும் வாகன இருக்கைகளும்.' ஆசிரியர் ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு மை வைத்தார்.

தங்கை: தெரியுமே. ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கே. உன் வீட்டுல தண்ணி எடுக்கப் போனா ரெண்டு பக்கம் படிச்சுட்டுத்தான் குடிக்கணும்.

அண்ணன்: படித்தால் நல்லதுதானே?

தங்கை: அவ படிச்சுட்டா. நேத்து சாயங்காலம் பெட்டியைக் கீழ வச்சுட்டு, இதே சீட்டுல உக்காந்து, உன் கட்டுரையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் போட்டா. முதுகு ஒட்டுது. முழங்கால் மடியுது. பாதம் தரையில இருக்கு. பெல்ட் தோளுக்கு நடுவுல போகுது.

அண்ணன்: வண்டிச் சாவி எப்படிக் கிடைச்சுது அவளுக்கு?

தங்கை: நான்தான் எடுத்துக் கொடுத்தேன். திட்டணும்னா என்னைத் திட்டு.

அண்ணன்: வேணாம்மா… பின்னாடியே இருக்கட்டும். வசதியா கால் நீட்டிக்கலாம்.

தங்கை: என்ன வசதி? பின்னாடி உக்காந்தா நீ பேசுறதுல பாதி அவளுக்குக் கேட்கிறதே இல்லை. நீ ரோட்டைப் பார்த்துப் பேசுறே, இன்ஜின் சத்தம் வேற. அதான் சும்மா சிரிச்சு வைக்கிறா.

அண்ணன்: …என் ஜோக்குக்குச் சிரிக்கிறான்னுல்ல நினைச்சேன்?

தங்கை: உன் ஜோக்குக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கிறவங்களே சிரிக்கிறதில்லை.

அண்ணன்: சரி சரி…

தங்கை: முன்னாடி உக்காந்தா கேட்கிற காது உன் பக்கம் வரும். கேட்காத காது ஜன்னல் பக்கம் போயிடும். எல்லாம் யோசிச்சு வச்சிருக்கா. பிறந்தநாளுக்கு என்ன வேணும்னு கேட்டேன். 'புது ஸ்கூல் வரைக்கும் மாமா பக்கத்துல உக்காந்து போகணும்'னா. அவ்வளவுதான் கேட்டா.

அண்ணன்: அந்தக் காது போனதே இந்த சீட்டுலதானேம்மா. பெரிய ஆக்ஸிடென்ட்டா அது? முன்னாடி போன வேன் சட்டுன்னு நின்னுச்சு. நான் பிரேக்கை மிதிச்சேன். பம்பர்ல ஒரு சொட்டை, அவ்வளவுதான். ஆனா அந்த ஏர்பேக்… ஆறு வயசுப் பிள்ளை, பெரியவங்க நெஞ்சுக்கு வர்ற பை அவ தலைக்கு நேரா வந்துச்சு. வெடிச்ச சத்தம் அடங்கினதும் என்ன கேட்டா, ஞாபகம் இருக்கா? 'மாமா, ஏன் எல்லாரும் ரகசியம் பேசுறீங்க?'

தங்கை: போதும்ணா. காலையில எதுக்கு…

அண்ணன்: மாப்பிள்ளை கேட்டதுல தப்பே இல்லை. மெக்கானிக் அந்த ஏர்பேக் எச்சரிக்கை ஸ்டிக்கரைக் காட்டினப்போ, 'கண்ணு முன்னாடி எழுதி ஒட்டியிருக்கே, படிச்சீங்களா இல்லையா'ன்னார். படிச்சேன்னேன். 'படிச்சுட்டுமா உக்கார வச்சீங்க'ன்னு ஒரு பார்வை பார்த்தார். அன்னையிலேர்ந்து இந்த வண்டியில கால் வைக்கலை. என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலை.

தங்கை: அவர் குணம் அப்படி. விடு.

அண்ணன்: எப்படி விடுறது? வாண்டு முன்னாடி உட்காரணும்னா, அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லியாகணும். 'நெடுநாளாக என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும்…'

தங்கை: கட்டுரை வேணாம்ணா. சும்மா சொல்லு.

அண்ணன்: சும்மா சொல்ல வரலையே. …அன்னைக்கு நான் அதைப் படிக்கலை. படிக்கத் தெரியாதும்மா. ஒரு எழுத்து தெரியாது. தினமும் பேப்பர் வாங்கி விரிச்சு வச்சுக்கிட்டது எல்லாம் படம் பார்க்கத்தான். 'மொழியைச் செம்மைப்படுத்திக்கொள்ள' வகுப்புக்குப் போறேன்னு சொன்னதும் பொய். நாப்பத்தாறு வயசுல 'அ'வுல ஆரம்பிச்சேன்.

தங்கை: அப்போ அவர்கிட்ட ஏன் படிச்சேன்னு…

அண்ணன்: திமிர் பிடிச்சவன்னு பேர் வாங்கிக்கலாம்னு தோணுச்சு. எழுத்துத் தெரியாதவன்னு சொல்ல வாய் வரலை.

தங்கை: அண்ணா…

அண்ணன்: அந்த ஸ்டிக்கர்ல ஒரு படம் இருந்துச்சு. வட்டத்துக்குள்ள ஒரு குழந்தை. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும். நான் அதை பெல்ட்னு நினைச்சேம்மா. குழந்தையை இங்க உட்கார வச்சு பெல்ட் போட்டு விடுன்னு கம்பெனிக்காரனே படம் போட்டுக் கொடுத்திருக்கான்னு நினைச்சேன். அவளுக்கும் காட்டினேன். 'பாரு வாண்டு, உன் படம்'னு.

தங்கை: தெரியும்.

அண்ணன்: எது தெரியும்? படமா?

தங்கை: உனக்குப் படிக்கத் தெரியாதுங்கிறது. லாரியில கிளீனரா போனப்போ எனக்குக் கடிதாசி போடுவியே… ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் கையெழுத்து. ஒண்ணுல என் பேரையே தப்பா எழுதியிருந்தாங்க. கூடப் பிறந்தவன் எழுதினா அப்படியா வரும்?

அண்ணன்: அப்பவேவா? இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே நீ… மாப்பிள்ளைக்கும் தெரியுமா?

தங்கை: தெரியாது. 'பொண்ணோட அண்ணன் பத்தாவது பாஸ்'னுதான் என் கல்யாணமே பேசினாங்க. நான் அதை மாத்திச் சொல்லலை.

அண்ணன்: அதனாலதானா நீ ஒருத்தி மட்டும் என் மேல கோபப்படலை? பாவம், தெரியாம செஞ்சுட்டான்னு மன்னிச்சுட்டே?

தங்கை: உன்னை மன்னிக்க நான் யாருண்ணா…

மகள்: மாமா! ஷூ மாட்டிக்கிட்டு இறங்கிடறேன்! பெட்டியை எடுத்தாச்சா?

அண்ணன்: எ… எடுத்துட்டே இருக்கேன், கண்ணு! மெதுவா வா, படியில ஓடாதே!

தங்கை: இந்தா, இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். தூக்கு.

அண்ணன்: பார்த்து… கீழ வை. அப்பாடா. சீட்டே அமுங்கிப் போச்சு பாரு. இரு, சீட்டை முழுசா பின்னாடி தள்ளிடறேன். ஏர்பேக்குக்கும் அவளுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கோ அவ்வளவு நல்லது.

தங்கை: தள்ளு. இன்னும் கொஞ்சம் போகும்.

அண்ணன்: எதிர் வெயில் மூஞ்சியில அடிக்குமே. மேல இருக்கிற இந்த வெயில் மறைப்பு மட்டையை இறக்கி விட்டுடறேன்…

தங்கை: அதை இறக்காதேண்ணா!

அண்ணன்: ஏன் இப்படிக் கத்துறே? …அன்னைக்கும் நீ இப்படித்தான் செஞ்சே. வெயிலுக்காக நான் இறக்கி விட்டிருந்தேன். மாப்பிள்ளை ஏற வந்ததும் பின்னாலேர்ந்து எட்டி சட்டுன்னு மேல தள்ளிட்டே. கண்ணு கூசுதுன்னு வாண்டு ஒரே அழுகை. ஏன் தள்ளினேன்னு ரொம்ப நாளா கேட்கணும்னு…

தங்கை: ஸ்டிக்கர் அதுலதானேண்ணா இருந்துச்சு?

அண்ணன்: ஆமா, இப்பவும் இருக்கு. 'குழந்தைகளை முன்னிருக்கையில் அமர்த்தாதீர்.' இப்போ கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அதுக்கென்ன?

தங்கை: நான் அதை அன்னைக்கே படிச்சுட்டேன். நீ அவர்கிட்டயும் 'பாருங்க மாப்பிள்ளை, குழந்தைக்குன்னே போட்ட இடம்'னு காட்டிடுவியோ, உனக்கு எழுத்துத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சுடுமோன்னு மேல தள்ளி விட்டேன். அவளைப் பின்னாடி கூப்பிட்டா ஏன்னு கேட்பாரேன்னு கூப்பிடலை… பக்கத்துலதானே போறோம், அஞ்சு நிமிஷம்தானேன்னு இருந்துட்டேண்ணா.