குண்டு இல்லாம வண்டி போகாது

இல்ல தம்பி, தேங்கா இல்ல. இரும்பு. உன் காலு மேல இடிக்குதா? இரு, மடியில வச்சிக்கிறேன். புத்தூர்ல பஸ் ஏறுனதுலருந்து நீயும் இந்தப் பையையே பாத்துக்கினு கீற. பயப்படாத, வெடிக்கிற குண்டு இல்ல. ரயில்வே குண்டு. டோக்கன்னு சொல்லுவாங்க. இந்தா, தொட்டுப் பாரு. எழுத்து வெட்டிகீது பாத்தியா, ரெண்டு ஸ்டேஷன் பேரு, கீழ நம்பரு. அது எந்த ஊருன்னு கேக்காத, அந்தப் பேரு என் வாயில வராது.

ஒத்தை லைன் தம்பி. போற வண்டிக்கும் வர்ற வண்டிக்கும் ஒரே தண்டவாளம். மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்காம இருக்கணுமே, அதுக்குத்தான் இது. ரெண்டு ஸ்டேஷன்லயும் ஆளுக்கொரு மிஷினு, உள்ள குண்டு அடுக்கி கீது. இங்க இருக்குற மாஸ்டர் மணி அடிச்சி கேக்கணும், அங்க இருக்குறவரு சரின்னு அமுத்திப் புடிக்கணும், அப்பத்தான் ஒண்ணே ஒண்ணு வெளிய வரும். வந்துட்டுதுன்னா ரெண்டு மிஷினும் பூட்டிக்கும். அந்தக் குண்டு திரும்பி மிஷினுக்குள்ள உழுந்தாத்தான் அடுத்தது வரும். டிரைவர் கையில குண்டு இல்லன்னா கவர்னரே வண்டியில இருந்தாலும் ஒரு அடி நகராது. மனுசன் பேச்சை நம்பாத, கையில இருக்குறத நம்புன்னு கட்டி வச்ச ஏற்பாடு.

நானா? பாயிண்ட்ஸ்மேன். நிக்காத வண்டி வந்துதுன்னா, குண்டைத் தோல் பையில போட்டு, பெரிய வளையத்துல மாட்டி, ஒசத்திப் புடிச்சிக்கினு நிப்பேன். வண்டி ஓடிக்கினே இருக்கும். எஞ்சின்ல இருக்குறவன் கைய நீட்டி அந்த வளையத்தை வாங்கிக்குவான், பழைய வளையத்தைக் கீழ எறிவான். அது எங்க உழுதோ, ஓடிப்போய்ப் பொறுக்கி மாஸ்டர் கையில குடுக்கணும். பதினாலு வருசம் செஞ்சேன், ஒரு தடவை கூடத் தப்பல.

தொண்ணூத்தி ஒம்பதுல, வேர்க்கடலை புடுங்குற நேரம். பட்டப்பகல். கூட்ஸ் வண்டி போச்சு, வளையம் வந்து உழுந்துது. போய் எடுத்தா தோல் பை கிழிஞ்சி கெடக்குது, உள்ள குண்டு இல்ல. தண்டவாள மேட்டுக்குக் கீழயெல்லாம் கடலைக் கொல்லை. எங்கயோ உருண்டு பூட்ச்சி. மிஷினு ரெண்டும் பூட்டிக்கினு கீது. எதிர்ல எக்ஸ்பிரஸ் ரெண்டு மணி நேரம் நின்னுட்டுது. அப்புறம் பேப்பர்ல எழுதி எழுதி வண்டி உட்டாங்க.

ரெண்டு நாளு தேடுனேன். ஒவ்வொரு செடியா பொரட்டிப் பாத்தேன். மனோரமா, என் வூட்டுக்காரி, சாப்பாடு எடுத்தாந்தவ, அவளும் முந்தானைய சொருவிக்கினு என்கூடவே தேடுனா. கெடைக்கல. பழைய இரும்புக்கு வித்துத் துன்னுட்டான்னு எவனோ எழுதிப் போட்டான். விசாரணை நடந்துது. வேலை பூட்ச்சி.

அப்புறம் இன்னா, நகரிக்கு வந்தேன், மாமனார் பவர்லூம்ல நின்னேன். இருவத்தாறு வருசம். ஊருல நாலு கோவர்த்தனன் கீறான். எந்தக் கோவர்த்தனன்னு கேட்டா, குண்டு தொலைச்சவன்னு சொல்லுவாங்க. எம்பொண்ணு ரோஜாவப் பொண்ணு பாக்க வந்தவனுங்க கூட அதைக் கேட்டுட்டுத்தான் காப்பி குடிச்சானுங்க.

எங்க கெடைச்சுதா? தறியில தம்பி. பாவு நூலு சுத்துன உருளை தளராம இருக்க, கயித்துல வெயிட்டு கட்டித் தொங்க உடுவோம். கல்லு, இரும்புத் துண்டு, இன்னா கெடைக்குதோ அதை. என் தறியில ஒண்ணு, காடாத் துணியில சுத்தித் தெச்சது. போன செவ்வாக்கெழமை எலி கடிச்சி துணி கிழிஞ்சி, என் கால்கிட்ட உழுந்துது. எண்ணெ அழுக்கைத் தொடைச்சா, எழுத்து. அங்கயே குந்திட்டேன். இருவத்தாறு வருசமா என் முட்டியில இடிச்சிக்கினு இருந்துகீது.

அந்தத் தையல் எனக்குத் தெரியாதா? மனோரமா தையல்.

கேட்டேன். மறைக்கல. ஆமான்னா. அன்னிக்கு சாப்பாட்டுக் கூடையோட வரப்புல வந்துக்கினு இருந்துகீறா, குண்டு அவ காலடிக்கே உருண்டு வந்துகீது. அந்த ஸ்டேஷன் காட்டுல கீது, கொழந்தைக்கு ஸ்கூல் இல்ல, குவார்ட்டர்ஸ்ல தேளு. மாத்தல் கேளு, மாத்தல் கேளுன்னு அழுதா, நான் காதுல போட்டுக்கல. அது வாஸ்தவம். குண்டு காணாப்போனா வேற ஊருக்குத் தூக்கி அடிப்பாங்கன்னு நெனச்சாளாம். வேலையே பூடும்னு தெரியாதாம். போன பின்னால சொல்ல பயமாம். கெணத்துல போட மனசு வரலியாம், என்னிக்காவது திருப்பிக் குடுக்கலாம்னு துணியில தெச்சி, வெயிட்டோட வெயிட்டா என் தறியிலயே கட்டி வச்சிருந்தாளாம்.

சரி, எடுத்தது கூட போவட்டும். கூடையில குண்டை வச்சிக்கினு, அதே கொல்லையில, என் பக்கத்துல குனிஞ்சி தேடுனா பாரு. அந்த செடி கீழ பாத்தியா, இந்த செடி கீழ பாத்தியான்னு கேட்டா.

திருப்பதியில ரயில்வே ஆபீசரைப் பாக்கப் போறேன். வேலையா குடுக்கப் போறான், எனக்கு அறுவத்தெட்டு. கோவர்த்தனன் விக்கலன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். யார் எடுத்தாங்கன்னு கேக்கத்தான் கேப்பான். கேசு கூட போடுவானோ இன்னாவோ. நான் சொல்ல வோணாம். அவளே சொல்றேன்னு கெளம்பிட்டா. வராதன்னு நான் சொல்லல.

எப்ப வர்றாளா? இப்பவே, இதே பஸ்ஸுலதான். அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைப் பொடவை. டிக்கெட்டு கூட நான் எடுக்கல, பொம்பளைங்களுக்குத்தான் இப்போ ஃப்ரீ ஆச்சே, ஆதார் கார்டை நீட்டி அவளே வாங்கிக்கினா. ஏழு நாளாச்சு நான் பேசி. ஆமா, பக்கத்துல எடம் காலியாத்தான் கீது. நீ வோணும்னா போய் ஒக்காரு தம்பி, எனக்கு இங்கயே சரியா கீது.