பிணைக் கையெழுத்து

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். அதிலும் இது பிறர் வீட்டு விஷயம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலம். யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் போகப் பாஸ் கேட்டு வரிசையில் நின்றோம். போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டார் ஒருவர் இங்கே பிணை நிற்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையில், புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, கொழும்புக்கு அனுப்பும் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. பக்கத்தில் அவளுடைய புருஷனின் அக்கா.

“மச்சாள், உங்கடை தம்பி பிணைக்குக் கையெழுத்து வைக்கமாட்டாராம்.”

“ஏனாம்?”

“கருப்பை வாசலிலை வாற புற்றுநோய்க்கு ஒரு கிருமிதான் காரணம், அது ஆம்பிளையிட்டையிருந்து தொத்திறது எண்டு டொக்டர் சொன்னவர். ‘எனக்கொரு நோய் வருத்தமுமில்லை, நீ ஆரிட்டை வாங்கினனி?’ எண்டு கேக்கிறார்.”

“பத்து வருசம் கப்பலிலை திரிஞ்சவன் கேக்கிற கேள்வியே உது!”

“ஆம்பிளையளுக்கு அந்தக் கிருமி இருந்தாலும் வெளியிலை ஒண்டும் தெரியாதாம். டொக்டர் அதைச் சொல்ல முதல் இவர் எழும்பிப் போட்டார்.”

“சவுக்காரமும் சென்ற்றும் கொண்டந்தவன், உந்தக் கிருமியையும் பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டந்திருக்கிறான்.”

“மெல்லக் கதையுங்கோ, சனம் நிக்குது.”

“கேக்கட்டும். நாளைக்கு அடையாள அட்டையோடை வந்து நான் வைக்கிறன் கையெழுத்து.”

மறுநாள் அக்கா வந்தாள். கலியாணமானவளுக்குப் புருஷன்தான் பிணை நிற்க வேண்டும் என்று இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.