பச்சைத் துணியில் ஒரு திட்டு

உச்சிப் பொழுது. குடோன்களுக்கு நடுவே போகிற சாலை… ஈ காக்கை இல்லை. நம் எலக்ட்ரீஷியனின் அண்ணி முக்காடு போட்டுக்கொண்டு, கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வேகவேகமாக நடந்து வந்தாள். கிட்ட வந்து உட்காருங்கள். இது அவளுக்கு நடந்தது.

முகத்துக்குப் பூசும் க்ரீம் விற்பவள் அவள். வீட்டிலேயே காய்ச்சி, இன்டர்நெட் லைவில் தன் கன்னத்திலேயே தடவிக் காட்டி விற்பாள். பின்னால் ஒரு பச்சைத் துணி தொங்கும். கம்ப்யூட்டர் அந்தப் பச்சையை அழித்துவிட்டுப் பூந்தோட்டம் காட்டும். வெளிச்சம் கொஞ்சம் மாறினாலும் தோட்டத்தில் ஓட்டை விழும். க்ரீம் கையோடு மவுஸைத் தொட முடியாது. அதற்குத்தான் அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த கருவி, கம்ப்யூட்டரோடு ஒயரில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி. மேலே குமிழ்கள். லைவ் ஓடும்போதே முதல் குமிழைத் திருப்பினால் போதும், பச்சை இன்னும் அழியும்.

ரிப்பேர் கடையில் பழசாகக் கிடைத்தது. யாருடையது என்று கேட்டதற்குக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒருத்தர்… தனியா இருந்தவரு. இப்ப அவருக்கு வேண்டாம்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் குமிழ் அசையவில்லை. நெம்பிக் கழற்றினாள். அடியில் பிசுபிசுவென்று கறுப்பாக அழுக்கு… கழுவாத மீன் தொட்டி நாற்றம். ஹேர்பின்னால் சுரண்டினாள். மஞ்சளாக ஏதோ வந்து விழுந்தது.

நகம். முழு நகம். அடியில் சதை ஒட்டியிருந்தது.

"கருமம்! தூக்கிப் போடுங்க அண்ணி!" நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

"சாயந்திரம் லைவ்டி. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். போன தடவை என் தலையே பாதி காணாம போய் எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடியும் மானம் போகணுமா?" மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிட்டால் துடைத்து, குமிழை மாட்டினாள்.

லைவ் பாதி வரை நன்றாகத்தான் போனது. போனில் கமெண்ட் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் சைகை காட்டினாள். திரையில், அண்ணியின் தோளுக்குப் பின்னால், தோட்டத்தில் ஒரு திட்டு. அண்ணி திரும்பிப் பார்த்தாள். துணி சுத்தமாக இருந்தது.

குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். திட்டு அழியவில்லை… தலையாயிற்று. தோளாயிற்று. இன்னும் திருப்பினாள். திரையில் அவள் காது கரைந்தது, கூந்தல் கரைந்தது. அது மட்டும் தெளிந்தது. தண்ணீரில் ஊறிய ரொட்டி போல உப்பிய முகம். பூஞ்சை நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ நெளிந்தது.

அது குனிந்தது.

அவள் கன்னத்தில் சில்லென்று ஈரம். சொரசொரப்பாக… மெதுவாக… கீழிருந்து மேலே. சப்பென்று ஒரு சத்தம்.

"யாருக்கா அது? க்ரீமை நக்குறாரு! உவ்வே!" கமெண்டுகள் வந்து குவிந்தன.

குமிழைப் பின்னால் திருப்பப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது, ஆள் விரலைப் பிடித்த மாதிரி. குமிழ் தானாகவே எதிர்ப்பக்கம் திரும்பியது. நாத்தனார் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

கண்ணாடியில் பார்த்தால், ஒரு கன்னத்தில் க்ரீமே இல்லை. மோவாயிலிருந்து எச்சில் கோடாக ஒழுகியது. அண்ணி அங்கேயே வாந்தி எடுத்தாள். தோல் எரிய எரியத் தேய்த்துக் கழுவினாள். பெட்டியைச் சாக்கில் கட்டி, இருவருமாகப் போய்க் குப்பை லாரியில் எறிந்துவிட்டு வந்தார்கள்.

தனியாகப் படுக்கப் பயம். நாத்தனாரின் அறையில் தாழ் போட்டுக்கொண்டு, அவளைக் கட்டிப்பிடித்துப் படுத்தாள். வெளியூருக்கு லாரி ஓட்டப் போயிருந்த கணவர் எப்போது வந்து தங்கள் அறையில் தனியாகப் படுத்தார் என்றே அவளுக்குத் தெரியாது.

விடிந்ததும் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி, கூச்சமாகச் சிரித்தார்.

"என்னடி ஆச்சு உனக்கு? ராத்திரி பூரா என் மூஞ்சிய நக்கிட்டே இருந்த… தூங்கவே விடல."

அண்ணி துண்டைப் பார்த்தாள். அவர் அதைக் கன்னத்திலிருந்து எடுத்தார்… ஜவ்வு போல, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.