ஒற்றைத் துடுப்புப் படகு

அக்கா: …இந்தக் காலேஜ் புக்குல, கோபுரத்துக்கு மேல அந்த வட்ட ஜன்னல் இருக்கு பாரு. அதுல சாயங்கால வெயில் விழுந்து, அது அப்படியே ஏரித் தண்ணியில ஆடுதுடா.

தம்பி: அச்சடிச்ச தண்ணி எப்படிக்கா ஆடும்?

அக்கா: ஆடுது. நாலு நாளா ஆடிக்கிட்டுதான் இருக்கு. லேப்ல மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சா, ரத்த அணுவுக்கு நடுவுல ஏரி தெரியுது.

தம்பி: நல்லா தெரியும். யாருக்காவது இல்லாத வியாதிய எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கப் போற.

அக்கா: உன் வாயில நல்லதே வராதா? சரி, அந்த பிரிண்டர கொஞ்சம் நிறுத்து. காதுக்குள்ள கரகரங்குது.

தம்பி: விசிட்டிங் கார்டு ஓடுது. இன்னும் ஐந்நூறு இருக்கு.

அக்கா: ஓடட்டும் விடு… உன் கடைக்கு மாடியேறி வந்தாலே எனக்குத் தூக்கம் வருதுடா. இந்தச் சூட்டுப் பேப்பர் வாசன… வெளிய தூறல்…

தம்பி: உக்காரேன். அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இதுல உக்காரு.

அக்கா: உக்கார நேரமில்ல. அஞ்சு மணிக்குள்ள இந்தக் கவர் போயாகணும். ஒரிஜினல் சர்டிபிகேட் மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. கீழ ஆள் நிக்குது.

தம்பி: ஒரிஜினலா? எந்த வெளிநாட்டுக் காலேஜுக்கா ஒரிஜினல கவர்ல போட்டு அனுப்பச் சொல்லும்?

அக்கா: சொல்லியிருக்காங்களே. விண்ணப்பம் போட்ட ரெண்டாம் நாளே சீட்டு கெடச்சிருச்சு. பரீட்ச கெடையாது, பேட்டி கெடையாது. மத்த இடத்துல மூணு வருஷம் படிக்கிறத இங்க பதினாலு மாசத்துல முடிச்சிரலாமாம்.

தம்பி: உனக்கு முப்பத்தெட்டு வயசு. வயசக் கூடவா கேக்கல?

அக்கா: வயச ஏன் கேக்கணும்?

தம்பி: சரி, வயச விடு. மார்க்கு? என்ன வேல பாக்குறேன்னு? எதுக்குப் படிக்க வர்றேன்னு?

அக்கா: எதுவும் கேக்கல. எவ்வளவு நல்ல மனுஷங்க!

தம்பி: கடவுளே… அக்கா, உன் லேப்புக்கு பேர் ஒட்டாத ட்யூப்ல ரத்தம் வந்தா என்ன பண்ணுவ?

அக்கா: திருப்பி அனுப்பிருவேன்.

தம்பி: டாக்டரே கொண்டு வந்தா?

அக்கா: டாக்டரோட மாமியாரே கொண்டு வந்தாலும் அனுப்பிருவேன்.

தம்பி: அப்போ இத மட்டும் எப்படிக்கா வாங்கி வச்சுக்கிட்ட? சொட்டு ரத்தத்துக்கு ரெண்டு தடவ பேர் பாக்குறவ நீ.

அக்கா: இதுல பேர் இருக்கேடா. தங்க எழுத்துல இருக்கு. கீழ முத்திர வேற. "அகில உலக உயர்கல்வித் தரச் சபையின் அங்கீகாரம் பெற்றது."

தம்பி: அந்தச் சபைக்கு யார் அங்கீகாரம் குடுத்தா?

அக்கா: …சபைக்குமா?

தம்பி: பின்ன? நாளைக்கே நான் இந்தக் கடையில ஒரு முத்திர செஞ்சு "அண்டசராசரத் தரச் சபை"ன்னு குத்தலாம். யார் தடுப்பா? ஒவ்வொரு நாட்டுலயும் கல்வித் துறை ஒரு பட்டியல் வச்சிருக்கும். யார் யாரெல்லாம் பட்டம் குடுக்கலாம், யாருக்குத் தரம் பாக்குற உரிம இருக்குன்னு. அதுல பேர் இருந்தாத்தான் காலேஜு. இல்லேன்னா, எவ்வளவு தங்கம் பூசினாலும் அது வெறும் புக்கு.

அக்கா: புக்கு நல்லா இருக்கே…

தம்பி: நல்லா இருந்தா? இங்க நம்ம ஊருலயும் ஒரு ஆபீஸ் இருக்கு. வெளிநாட்டுப் பட்டம் இங்க செல்லுமான்னு அவங்கதான் சொல்லணும். படிச்சு முடிச்சுட்டு வந்து அவங்ககிட்ட நிக்கிறதுக்குப் பதிலா, போறதுக்கு முன்னாடியே ஒரு கடுதாசி போட்டுக் கேக்கலாம். அப்புறம் அங்க படிச்சவங்க நாலு பேர நாமளே தேடிப் பிடிச்சுப் பேசணும். அவங்க காட்டுற ஆள்கிட்ட இல்ல.

அக்கா: பின்பக்கத்துல ஒரு பொண்ணு பேசியிருக்காளே. "இந்த ஏரிக்கரையில்தான் என் வாழ்க்கை மலர்ந்தது…"

தம்பி: அந்தப் பொண்ணு பல்பசை விளம்பரத்துலயும் இருக்கா. அங்க அவ வாழ்க்க பல்லுல மலர்ந்துச்சு.

அக்கா: ஹஹ்… சிரிக்க வைக்காத. நான் கோவமா இருக்கேன்.

தம்பி: கோவமா? எதுக்கு?

அக்கா: ஒண்ணுமில்ல. சொல்லு.

தம்பி: அந்தத் தரச் சபை இருக்கே, அதோட இணையதளமும் இந்தக் காலேஜோட இணையதளமும் ஒரே வாரத்துல பொறந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி. அதுக்கு முன்ன ரெண்டுமே உலகத்துல கெடையாது.

அக்கா: அது எப்படிடா உனக்குத் தெரியும்?

தம்பி: …பாத்தேன்.

அக்கா: எப்போ? நான் இப்பத்தானே பையில இருந்து புக்கையே எடுத்தேன்.

தம்பி: பொதுவா… இந்த மாதிரி ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்.

அக்கா: ஓஹோ.

தம்பி: கீழ ஆள் நிக்குதுன்னியே, கூரியர் வண்டி எதையும் காணோமே. மஞ்சக் குடையோட ஒரு பொண்ணுதான் நிக்குது.

அக்கா: ஜன்னல மறைக்காத. வெளிச்சம் வரட்டும்… டேய் அரைக்கண்ணு.

தம்பி: இருபது வருஷமாச்சு இந்தப் பேர நீ கூப்பிட்டு.

அக்கா: அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதும் மத்தியானத்துல நாம ரெண்டு பேரும் தரையில படுத்துக்குவோமே… நீ பாதிக் கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு, "அப்புறம்? அப்புறம்?"னு கேப்ப.

தம்பி: நீ ஒரு பள்ளிக்கூடம் கட்டுவ.

அக்கா: தெனமும் கட்டுவேன். ஒரு நாள் கோபுரம். ஒரு நாள் படிக்கட்டு. பள்ளிக்கூடத்த விட்டு எறங்கினா நேரா தண்ணியில போய் முடியும், பதினேழு படி.

தம்பி: பதினெட்டு.

அக்கா: பதினேழு. கடைசிப் படி தண்ணிக்குள்ள இருக்கும்.

தம்பி: அதையும் எண்ணணும்ல?

அக்கா: பாரு, இப்பவும் சண்ட போடுற… அந்த எடத்துக்கு நாம போகணும்னு நான் அவ்வளவு ஆசப்பட்டேன்டா. அப்புறம் லேப் படிப்பு, நைட் டூட்டி, வீடு, அப்படியே மூடி வச்சுட்டேன். நாலு நாள் முன்னாடி இந்தப் புக்கத் தொறந்தேன். கோபுரம். வட்ட ஜன்னல். ஏரி. லேப்ல எல்லாரும் இருக்கும்போதே எனக்கு அழுக வந்துருச்சு. "அடிப்பாவி, நெசமாவே இருக்கு, நான் பாட்டுக்கு இங்க உக்காந்து யூரின் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கேனே"ன்னு.

தம்பி: அக்கா…

அக்கா: படிகள எண்ணினேன். எத்தனன்னு நெனைக்கிற? பதினெட்டு வரஞ்சிருக்கு.

தம்பி: யதேச்சையா இருக்கும். கோபுரம், ஏரி எல்லாம் எந்தக் காலேஜ் புக்குலயும்…

அக்கா: வலது மூலையில பாரு. மரத்துக்குப் பின்னாடி. என்ன அது?

தம்பி: படகு.

அக்கா: என்ன கலரு?

தம்பி: நீலம்.

அக்கா: எத்தன துடுப்பு?

தம்பி: …

அக்கா: பிரிண்டரே நின்னு போச்சு. நீயாவது பேசு.

தம்பி: ஒண்ணு.

அக்கா: உலகத்துல எந்தப் பைத்தியக்காரக் காலேஜுடா தன்னோட ஏரியில ஒத்தத் துடுப்போட படகு விடும்? அது முன்னாடி போகாது. சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தான் வரும்.

தம்பி: "வீட்ட விட்டு ரொம்ப தூரம் போயிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் ஒண்ணு"ன்னு நீதான் சொன்ன.

அக்கா: சொன்னேன். எப்போ சொன்னேன்?

தம்பி: மத்தியானத்துலதான்.

அக்கா: நீ தூங்கினதுக்கு அப்புறம் சொன்னேன். படகு வர்றதுக்குள்ள நீ எப்பவும் தூங்கிருவ. மிச்சத்த நான் தனியா, சொவத்தப் பாத்து சொல்லிக்குவேன்.

தம்பி: நான் ஒரு நாளும் தூங்கலக்கா. கண்ண மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். தொறந்து வச்சிருந்தா வீட்டு உத்தரந்தான் தெரியும். மூடினாத்தான் ஏரி தெரியும். நீ நிறுத்திரக் கூடாதுன்னு மூச்சக் கூட மெதுவா விடுவேன்.

அக்கா: பாவி…

தம்பி: ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தார். நல்லா பேசினார். "கட்டடம் எழும்பிக்கிட்டு இருக்கு, ஃபோட்டோ எதுவும் இல்ல, முடிஞ்சா எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல வரஞ்சு குடுங்க"ன்னார். எந்த மாதிரின்னு கேட்டேன். "பாத்தவுடனே போகணும்னு தோணணும்"னார். எனக்கு அப்படித் தோணின எடம் ஒண்ணே ஒண்ணுதான்.

அக்கா: அத எடுத்துக் குடுத்துட்ட.

தம்பி: எவ்வளவு சந்தோஷமா வரஞ்சேன் தெரியுமா? ஒரு வாரம் சோறு தண்ணி நெனப்பில்ல. கீழ "கற்பனைப் படம்"னு சின்னதா போட்டுத்தான் குடுத்தேன். அவங்க வெளியில அச்சடிச்சுக் கொண்டு வந்தப்ப அந்த வரிய காணோம்.

அக்கா: கேட்டியா?

தம்பி: கேட்டேன். எடம் பத்தலன்னாங்க. நானும் பேசாம விட்டுட்டேன். முதல்ல அச்சான புக்குல பின்னட்டையில பொடி எழுத்துல என் கடை மெயில் இருந்துச்சு. போன வருஷம் ஒரு பையன் அதுக்கு எழுதினான். "ஐயா, அந்த முகவரிக்கு வந்துட்டேன். இங்க கீழ சலவக் கடைதான் இருக்கு, மாடியில பூட்டின கதவுல ஒரு தபால் பெட்டி. ஏரிக்கு எந்தப் பக்கம் போகணும்?"னு.

அக்கா: …நீ என்ன பதில் போட்ட?

தம்பி: போடல.

அக்கா: டேய்…

தம்பி: போடலக்கா. என்னன்னு போடுவேன்? "ஏரி எங்க வீட்டுத் தரையில இருக்கு தம்பி"ன்னா? அன்னைக்குத்தான் அந்த இணையதளம் எப்போ பொறந்துச்சு, பட்டியல்ல பேர் இருக்கா, எல்லாத்தையும் தேடினேன். அதுக்கு முன்னாடி தேட எனக்குத் தோணவே இல்ல. நான் வரஞ்சது பொய்யா இருக்கும்னு என்னாலயே நம்ப முடியல. அப்புறம் பயந்துட்டேன். கடை போயிரும், நீ என்னப் பத்தி என்ன நெனப்பன்னு… ஒரு வருஷமா வாயத் தொறக்கல.

அக்கா: இன்னைக்கும் தொறக்காமதான் பட்டியல் பாடம் நடத்தின.

தம்பி: உன்ன எப்படியாவது நிறுத்திரலாம்னுதான். நான்தான் வரஞ்சேன்னு சொல்லாமலே நிறுத்திரலாம்னு… மணி நாலே முக்கால். கவரக் குடுத்துரு. காலப் புடிச்சுக் கேக்குறேன். போகாதக்கா. அங்க ஏரி இல்ல. எங்கயுமே இல்ல.

அக்கா: கால விடு, கூசுது… எந்திரிடா. நான் எங்கயும் போகல. ரத்தத்துக்கு ரெண்டு தடவ பாக்குறவ இதுக்குப் பாக்க மாட்டேனா? படகப் பாத்த அன்னைக்கே எல்லாத்தையும் தேடிட்டேன். பட்டியல்ல பேர் இல்ல. இங்க இருக்கிற ஆபீஸ்லயும் போய்க் கேட்டேன், இந்தப் பட்டம் செல்லவே செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. இந்தக் கவர்ல இருக்கிறது என் சர்டிபிகேட் இல்ல. எங்க லேப்ல புதுசா சேந்த பொண்ணோடது. அவதான் இந்தப் புக்க எனக்குக் காட்டினா. வேலைய விடப் போறா, அடுத்த மாசம் டிக்கெட். பட்டியலக் காட்டினேன், பேர் விட்டுப் போயிருக்கும்னா. ஆபீஸ்ல சொன்னதச் சொன்னேன், அவங்களுக்குத் தெரியாதுன்னா. "ஏரி கண்ணு முன்னாடி இருக்கேக்கா, ஃபோட்டோவுல இருக்கே"ங்கிறா. நான் எப்படிடா அவளத் திட்டுவேன்? ஒரு நாள் முழுக்க நானே நம்பினேனே. அஞ்சு மணி வரைக்கும் பொறுத்துக்கோ, வரஞ்சவனையே கூட்டிட்டு வர்றேன்னு அவகிட்டக் கெஞ்சி, கீழ நிக்க வச்சுட்டு வந்தேன். நீயா சொல்லணும்னுதான் இவ்வளவு நேரம் உன்ன வதச்சேன், கட்டாயத்துல சொன்னா அவ நம்ப மாட்டா. அந்த மஞ்சக் குட அவதான். இந்தா கவரு. எறங்கிப் போயி உன் கையாலயே அவகிட்டத் திருப்பிக் குடு. "நான்தான் வரஞ்சேன், இது பொய்"யின்னு சொல்லு. அப்புறம் மேல வந்து அந்தப் பையனுக்கும் பதில் எழுது, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆனா ஒண்ணு… படகுக்கு ஏன் ஒரே துடுப்புன்னு அவ கேட்டா, அத மட்டும் சொல்லாத. அது நம்ம ரெண்டு பேருக்கு.